ஓட்டியவர் பிழை என்று எழுதும் முன் அளந்து பாருங்கள்

பெறுநர்:
தலைமை ஆணையர் அவர்கள்,
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்,
புது தில்லி.

பொருள்: காரின் கிளட்ச், ஃபிளைவீல் பழுதுகளுக்கு வாரண்டி மறுக்கப்படும் முறை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நீடாமங்கலம் கடைத்தெருவில் உரமும் விதையும் விற்றுப் பிழைப்பவன் நான். சட்டம் படித்தவனும் இல்லை, மோட்டார் தொழில் தெரிந்தவனும் இல்லை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் ஃபிளைவீல் என்னும் ஓர் இரும்புச் சக்கரம் பழுதானதால் இரண்டையும் கொஞ்சம் கற்றுக்கொள்ள நேர்ந்தது. என் தனிப்பட்ட புகாரைத் தீர்த்துவைக்கும்படி தங்களைக் கேட்கவில்லை. அது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் வேலை என்பதும், நுகர்வோரை ஒரு கூட்டமாகப் பாதிக்கும் செயல்களை விசாரிப்பதே தங்கள் வேலை என்பதும் எனக்குத் தெரியும். ஒரே பாகம் பல வண்டிகளில் ஒரே விதமாகக் கெடும்போதும், ஒவ்வோர் உரிமையாளரிடமும் தனித்தனியாக ‘நீங்கள் ஓட்டும் முறைதான் காரணம்’ என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் அப்படிப்பட்ட செயல்தான் என்று கருதுகிறேன். அதே பதிலைக் கேட்டுத் திரும்பிய மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

2022-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 வரை காத்திராமல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். குறுவைக்கு உரம் நன்றாக விற்றது. அந்தத் தீபாவளிக்கு முன் பதினோரு லட்சத்துச் சொச்சம் கொடுத்து ஒரு டீசல் கார் வாங்கினேன். வாரண்டி மூன்று ஆண்டுகள் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். வண்டி 19,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, இன்ஜினை அணைக்கும் நேரத்தில் பித்தளைக் குடத்துக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியது போல ஒரு கடகடப்பு கேட்கத் தொடங்கியது. சர்வீஸ் சென்டரில், குறையையும் செய்த வேலையையும் பதியும் ஜாப் கார்டில் ‘சத்தம் இயல்பானது’ என்று எழுதித் தந்தார்கள். 27,000-இல் முதல் கியரில் வண்டி நகரும்போது உதறல் வந்தது. ‘கிளட்ச் சரிபார்க்கப்பட்டது, குறை இல்லை’ என்று இன்னொரு கார்டு. எதைச் சரிபார்த்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

2025 ஆகஸ்டில், 34,000 கிலோமீட்டரில், எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நீடாமங்கலம் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சரக்கு ரயில் ஷண்டிங் நடக்கும் நாளில் சாலையின் இரு பக்கமும் வண்டிகள் அடைத்து நிற்கும். கேட் திறந்தவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அன்று என் வண்டி முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறிய கணத்தில் பயங்கரமாக உதறி, உறுமியது; நகரவில்லை. கிளட்ச்சை விட்டாலும் இன்ஜின் மட்டும் சுற்றியது. பின்னால் நின்ற பிள்ளைகள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். வாரண்டி முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே இருக்கும் பழுது வாரண்டிக்குள் வராவிட்டால் இறக்கி ஏற்றிய கூலியை நான் கொடுக்க வேண்டுமாம். இரண்டு நாள் கழித்து வந்த முடிவு இது: ஃபிளைவீலின் முகத்தில் (கிளட்ச் உரசும் பக்கத்தில்) நீலம் பாரித்த எரிந்த தடங்கள் உள்ளன, ஆகவே தொடர்ந்து ஆஃப் கிளட்ச்சில் (கிளட்ச் மிதியைப் பாதி அழுத்தியபடியே) ஓட்டியிருக்கிறீர்கள், ஆகவே வாரண்டி கிடையாது, எஸ்டிமேட் 74,000 ரூபாய். ரயில்வே கேட்டில் ஆஃப் கிளட்ச்சில் நிற்பதுதான் காரணமாக இருக்கும் என்று சர்வீஸ் அட்வைசர் வாய்மொழியாகவும் சொன்னார். எங்கள் கேட்டில் நிற்பவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடித்துவிட்டு வருவார்கள் என்பதை அவர் அறியமாட்டார் போலும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்த புகார் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனியிடமிருந்து அதே வாக்கியம், எழுத்துப்பிழை உட்பட, திரும்பி வந்தது.

இந்த ‘எரிந்த தடம்’ என்ற ஒற்றைச் சான்றைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இன்றைய டீசல் கார்கள் பலவற்றில் இருப்பது பழைய ஒரே வார்ப்பான ஃபிளைவீல் அன்று, டூயல் மாஸ் ஃபிளைவீல். 1985 முதல் கார்களில் வந்துகொண்டிருக்கும் இந்த அமைப்பில் இரண்டு கனமான வட்டுகள் உண்டு. ஒன்று இன்ஜினோடும் மற்றொன்று கிளட்ச்சோடும் சுற்ற, நடுவில் கிரீஸில் ஊறிய வளைந்த ஸ்பிரிங்குகள் டீசல் இன்ஜினின் அதிர்வைத் தாங்கிக்கொள்கின்றன. அந்த ஸ்பிரிங்கோ அதன் தாங்கிகளோ தளர்ந்தால் இரண்டு வட்டுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அணைக்கும்போது கேட்கும் கடகடப்பும், முதல் கியரில் வரும் உதறலும் அதற்கே உரிய அறிகுறிகள். உதறலோடு வண்டியை நகர்த்த வேண்டியவர் கிளட்ச்சைக் கூடுதல் நேரம் வழுக்க விட்டுத்தான் நகர்த்த முடியும். அப்போது ஃபிளைவீலின் முகம் சூடேறும். கிளட்ச்சை அழுத்தித் தரும் உள்சிலிண்டரில் எண்ணெய் கசிந்து கிளட்ச் பிளேட்டில் பட்டாலும், அந்தப் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பிடிப்பு குறைந்தாலும் இதே வழுக்கல்தான், இதே சூடுதான், இதே நீலத் தடம்தான். தடம் காட்டுவது சூடு உண்டானதை மட்டும். அந்தச் சூடு ஓட்டுநரின் காலிலிருந்து வந்ததா, பாகத்தின் பழுதிலிருந்து வந்ததா என்பதைத் தடம் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடிய வழிகள் இல்லாமலில்லை. டூயல் மாஸ் ஃபிளைவீலின் இரண்டாவது வட்டு எத்தனை கோணம் தளர்வாகச் சுற்றலாம், எத்தனை மில்லிமீட்டர் ஆடலாம் என்று அதைத் தயாரிப்பவர்களே பாக எண் வாரியாக வரம்பு வைத்திருக்கிறார்கள். அளக்கும் கருவியும் உண்டு. பிளேட்டின்மேல் உராய்வதற்காக உள்ள லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று, தடிமன் அளக்கும் காலிப்பரை வைத்தால் தெரியும். பிளேட்டில் எண்ணெய் இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். நாள் முழுதும் ஆஃப் கிளட்ச்சில் ஓட்டுபவனின் லைனிங், அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி வரைக்கும் தேய்ந்திருக்க வேண்டும். என் பிளேட்டிலோ லைனிங் ரிவெட்டுக்கு மேல் தாராளமாக நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக வரிசை ஒன்று இருக்கிறது: சத்தம் 19,000-இல், உதறல் 27,000-இல், வழுக்கல் 34,000-இல். அவர்களே எழுதித் தந்த ஜாப் கார்டுகளில் உள்ள வரிசை அது. சத்தம் வந்த அன்றே அளந்திருந்தால் முகம் எரிந்தே இருக்காது என்பது என் வாதம். அது தவறென்றால் அளவுகளைக் காட்டி மறுக்கட்டும். மறுப்புக் கடிதத்தில் ஓர் அளவுகூட இல்லை.

ஓட்டும் முறையையும் பேசிவிடுகிறேன். கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் அவற்றின் கிளைகளும் பரவிய சமவெளி எங்களுடையது. இந்த மண்ணில் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான். மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடத்தில்கூட, கரைமேல் ஏறும் சாலை ஒரு மூச்சில் முடிந்துவிடும். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லையும், கொள்முதல் நிலையத்துக்கு முன் நிற்கும் லாரிகளையும் தாண்ட மெதுவாகப் போக வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் இந்த நாட்டில் விற்கும் காரை இந்த நாட்டுச் சாலையில் மெதுவாக ஓட்டுவதே தவறான பயன்பாடு என்றால், அதை விற்பதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். இதே சாலைகளில் முப்பது ஆண்டுகளாக நான் ஓட்டிய முந்தைய இரண்டு கார்களிலும் கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறேன், ஒவ்வொன்றும் எண்பதாயிரம் தாண்டிய பிறகு. அப்போது யாரிடமும் சண்டை போடவில்லை, ஏனென்றால் அது தேய்மானம்.

எனக்குத் தெரிந்தே அதே மாடலில் இன்னும் மூன்று வண்டிகளுக்கு இந்தப் பழுது வந்திருக்கிறது. மன்னார்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கும்பகோணத்தில் ஜவுளி வியாபாரி ஒருவர், சம்பளத்துக்கு டிரைவர் வைத்து ஓட்டும் டாக்டர் ஒருவர். நான்கு வண்டிகளை வைத்துக்கொண்டு புள்ளிவிவரம் பேசும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் நான்கு பேருக்கும் ஒரே பதில், ஒரே சொற்களில் வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். டாக்டரின் டிரைவருக்கு அந்தப் பதிலால் வேலையே போகவிருந்தது. எனக்குப் புதிதாகப் பொருத்திய ஃபிளைவீலின் பாக எண்ணைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எண்கள் எல்லாம் ஒன்று, கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தது. பாகத்தில் ஏதோ திருத்தம் செய்யும்போது எழுத்தை மாற்றுவது வழக்கம் என்று பட்டறைக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன திருத்தினார்கள், ஏன் திருத்தினார்கள் என்று எழுத்து மூலம் கேட்டேன். அது கம்பெனியின் உள்விவகாரம் என்று பதில் வந்தது. 74,000 ரூபாய் என் விவகாரம், அதற்கான காரணம் அவர்கள் விவகாரம்.

வாரண்டிப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்க ஆங்கிலத்தில் உள்ள அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பிரேக் பேட், வைப்பர் ரப்பர், பல்பு ஆகியவற்றோடு ‘கிளட்ச்’ என்றும் தேய்மானப் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. தேய்வதற்கென்றே உள்ளது பிளேட்டின் லைனிங். ரிலீஸ் பேரிங்கும், பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கும், எண்ணெய் கசியும் சிலிண்டரும் அந்த ஒரு சொல்லுக்குள் எப்படி நுழைந்தன என்பது புரியவில்லை. ஃபிளைவீலோ அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பட்டியலில் இல்லாத பொருளைத் தேய்மானம் என்று மறுக்க முடியாததால்தான் ஓட்டுநரின் கால் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பது அன்று என்பதையும், வேறிடங்களில் இதற்கு மருந்து கண்டிருக்கிறார்கள் என்பதையும் தாங்கள் அறிவீர்கள். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் என்னும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உதறுவதாக வாடிக்கையாளர்கள் புகார் செய்தபோது, அது பாகத்தின் குறைபாட்டின் அறிகுறி என்று தெரிந்திருந்தும், ஓட்டும் முறையால் வருவது என்று நிறுவனம் பலரிடம் சொல்லிவந்தது. 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை புகார்களைக் கையாண்ட விதம் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று கொண்டு, அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்கைக் கொண்டுபோனது தனி ஒரு கார்க்காரர் அன்று, தங்களைப் போன்ற அரசு நுகர்வோர் ஆணையம். அமெரிக்காவில், தயாரிப்பாளர் தம் டீலர்களுக்கு அனுப்பும் பழுதுநீக்கச் சுற்றறிக்கைகளின் பிரதியை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கும் அனுப்ப வேண்டும். அவற்றை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கலிபோர்னியா மாநிலத்தில், வாரண்டியைத் தாண்டியும் குறிப்பிட்ட பழுதுக்குச் செலவை ஏற்பதென்று தயாரிப்பாளர் முடிவெடுத்தால் 90 நாளுக்குள் உரிமையாளர்களுக்குத் தபாலில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சத்தம் போட்டவருக்கு மட்டும் சலுகை, சாதுவாக இருந்தவருக்குப் பில் என்ற நிலை வரக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

அந்த நிலை இங்கே இருக்கிறது. மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு, ‘நல்லெண்ண அடிப்படையில்’ பாகத்தின் விலையில் பாதியை ஏற்பதாகவும், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். ஓட்டுநர் பிழை என்பது உறுதியானால் பாதிச் செலவை ஏன் ஏற்கிறார்கள்? பாகத்தின் பிழை என்றால் மீதிப் பாதி ஏன் என் தலையில்? கும்பகோணத்து வியாபாரி எழுதிக் கொடுத்துவிட்டார். தீபாவளிச் சமயத்தில் வண்டி இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. நான் முழுப் பணத்தையும் கட்டி, ஆட்சேபத்தோடு கட்டுவதாக ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

நம் சட்டங்களில் இதற்கு இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110அ பிரிவு, ஓட்டுநருக்கோ சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகளும் நடைமுறையில் உள்ளன. கிளட்ச் என்றால் பிரேக் அன்று, ஸ்டியரிங் அன்று, வண்டி நின்றுதானே போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். நிற்கும் இடம் தண்டவாளமாக இருந்தால் என்ன என்று கேட்க விரும்புகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, எழுத்து மூலமான வாரண்டிக்கு இணங்காத பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. அந்த உறுதிமொழியைத் தரும்போது அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று நிரூபித்தாலும் பொறுப்பு நீங்காது என்கிறது 84-ஆம் பிரிவு. நாங்கள் புதுக் கார் கேட்கவில்லை. 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டியின்படி குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் தயாரிப்பாளரின் கடமை, முழு வண்டியையும் மாற்றுவது அன்று என்றது. அந்தப் பாகத்தைத்தான் கேட்கிறோம்.

தனித்தனியே மாவட்ட ஆணையத்துக்குப் போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். போகலாம். என் காரின் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான், குடியிருக்கும் ஊருக்குரிய திருவாரூரிலேயே தாக்கல் செய்யவும் முடியும். சிக்கல் சான்றில் இருக்கிறது. பாகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையம் அனுப்பலாம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அனுப்புவதற்குப் பாகம் கையில் இருந்தால்தானே? வாரண்டியில் மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்குப் போய்விடுகிறது. காசு கொடுத்து மாற்றினால், கேட்காதவருக்கு அது பழைய இரும்பாகப் போய்விடுகிறது. மறுக்கும் தரப்பிடமே சான்று முழுதும் இருக்க, நிரூபிக்கும் சுமை மட்டும் என்னைப் போன்ற உரக்கடைக்காரனிடம் இருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். தவறான விளம்பரங்களுக்கு 2022-இலும், இணையத்தில் வாடிக்கையாளரை ஏய்க்கும் வடிவமைப்புகளுக்கு 2023-இலும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்ட தாங்கள், வாரண்டி மறுப்புக்கும் அப்படி ஒன்றை வெளியிட வேண்டும். ஓட்டுநர் பிழை என்று மறுப்பவர் அளந்த அளவுகளையும், அனுமதிக்கப்பட்ட வரம்பையும், புகைப்படங்களையும் சேர்த்து, உரிமையாளருக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தர வேண்டும். அளக்காமல் மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதில் சொல்லப்பட வேண்டும். தகராறு தீரும்வரை பழைய பாகத்தை முத்திரையிட்டு உரிமையாளரிடமே விட வேண்டும். வாரண்டிக் காலத்துக்குள் ஒருமுறை ஜாப் கார்டில் பதிவான புகார், வாரண்டி முடிந்த பிறகு பெரிதானாலும் அந்தப் பழைய தேதியிலேயே எழுந்ததாகக் கொள்ளப்பட வேண்டும்; ‘இயல்பான சத்தம்’ என்று சொல்லிச் சொல்லிக் காலத்தைக் கடத்துவதற்கு அதுவே தடை. டீலர்களுக்கு அனுப்பும் பழுதுநீக்கச் சுற்றறிக்கைகளும் பாக எண் மாற்றங்களும் பொதுவில் கிடைக்க வேண்டும். 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தொடங்கிய இணையதளத்தில் வாகனத் துறையும் ஒரு பிரிவாக இருக்கிறது. அங்கேயே இவற்றை ஏற்றிவிடலாம்.

சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பலர் எங்கள் பக்கத்துப் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். எரிந்த தடத்தைக் கண்டால் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்லித் தந்ததைச் செய்கிறார்கள். கிளட்ச் மிதியின்மேல் காலை ஊன்றிக்கொண்டே ஊர் சுற்றும் ஆட்களும் இருக்கிறார்கள்; அவர்கள் எரித்த பிளேட்டுக்குக் கம்பெனி பணம் தர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அளந்து பார்த்தால் அவர்களும் தெரிந்துவிடுவார்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, தாங்கள் குறிப்பு அனுப்பினால் மாவட்ட ஆட்சியர் இத்தகைய புகார்களை விசாரித்து அறிக்கை தரலாம். திருவாரூர், தஞ்சாவூர் ஆட்சியர்களுக்கு அப்படி ஒரு குறிப்பை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பழைய ஃபிளைவீலையும் பிளேட்டையும் துடைக்காமல், காலி யூரியா சாக்கில் கட்டி, கடையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு ஜாப் கார்டுகளும், ஆட்சேபம் எழுதிய ரசீதும் அதோடு இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் கொண்டுவர வேண்டும் என்று தெரிவித்தால் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
உரக்கடைக்காரர் ஒருவர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.